கைமாற்றாக வாங்கிய உலகங்கள்

பழைய நோர்ஸ் மொழிக் கவிதையான 'வோலுஸ்பா'வில், உலகம் தோன்றிய வரலாற்றைச் சொல்லிக்கொண்டே வரும் குரல் திடீரென்று கதையை நிறுத்திவிட்டுக் குள்ளர்களின் பெயர்களை அடுக்கத் தொடங்கிவிடுகிறது. துவாலின், பிஃபுர், போஃபுர், பொம்புர், நோரி, தோரின், ஃபிலி, கிலி என்று நீளும் அந்தப் பட்டியலில் பெயர்களைத் தவிர அனேகமாக வேறொன்றும் இல்லை. அறிஞர்கள் பலர் அதை யாரோ பிற்காலத்தில் சேர்த்த இடைச்செருகல் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். 1930-களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஜே. ஆர். ஆர். டோல்கீன், தம் பிள்ளைகளுக்காக எழுதிவந்த கதையில் ஒரு குள்ளர் கூட்டத்துக்குப் பெயர் தேவைப்பட்டபோது, இந்தப் பட்டியலில் கைவைத்தார். அதே பட்டியலில் 'கேண்டால்ஃப்' என்றும் ஒரு பெயர் உண்டு. 'கோல்' என்பதும் 'எல்ஃப்' என்ற தொல்கதை இனத்தின் பெயரும் சேர்ந்த சொல் அது. முதல் வரைவில் அந்தப் பெயர் குள்ளர்களின் தலைவனுக்கே வைக்கப்பட்டிருந்தது, மந்திரவாதிக்கு வேறொரு பெயர் இருந்தது. கோல் பிடித்து வருகிறவனுக்கே அது பொருந்தும் என்று பிறகு தோன்றியிருக்க வேண்டும். பெயர் இடம் மாறியது.

அந்தக் கதை 'தி ஹாபிட்' என்ற பெயரில் 1937-இல் வெளிவந்தது. பதிப்பாளர் தொடர்ச்சி கேட்டார். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற அந்தத் தொடர்ச்சி பன்னிரண்டு ஆண்டு வேலையாக விரிந்தபோதுதான், விளையாட்டாக எடுத்த பெயர்கள் ஒரு மொழியியல் பேராசிரியரின் மனசாட்சியை உறுத்தத் தொடங்கின. எண்ணற்ற ஆண்டுகளுக்கு முந்தையதாகச் சொல்லப்படும் ஒரு கற்பனை யுகத்தில், குள்ளர்களுக்கு எப்படி நோர்ஸ் மொழிப் பெயர்கள் வந்தன? இதற்கு அவர் கண்டுபிடித்த விடை, நூலே ஒரு மொழிபெயர்ப்பு என்பது. கதை உலகின் பொது மொழியை இன்றைய ஆங்கிலத்தில் தந்திருப்பதால், அதற்கு உறவான ரோஹன் நாட்டுக் குதிரைவீரர்களின் மொழியைப் பழைய ஆங்கிலத்திலும், வடக்குத் திசை மனிதர்களிடமிருந்து குள்ளர்கள் பெற்ற பெயர்களை நோர்ஸ் மொழியிலும் தந்திருப்பதாகப் பின்னிணைப்பில் விளக்கம் எழுதினார். பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கைமாற்றாக வாங்கியவர், அதற்கு வட்டி கட்டப் போய், இனங்களும் மொழிக் குடும்பங்களும் இடப்பெயர்வுகளும் கொண்ட ஒரு வரலாற்றையே எழுப்ப வேண்டியதாயிற்று.

அறிவியல் புனைகதையையும், மாயமும் மந்திரமும் கலந்த மிகுபுனைவையும் பற்றி எழுதும்போது, இன்னார் இன்னாரால் தூண்டப்பட்டார் என்று அம்புக்குறி போட்டு ஒரு குடும்ப மரம் வரைவது வழக்கம். அந்த மரத்தால் பெரிய பயன் இல்லை. யார் எதை வாங்கினார் என்பதைவிட, வாங்கியதில் எந்த இடத்தைத் திருத்தினார் என்பதில்தான் ஒரு படைப்பின் பொருள் இருக்கிறது என்பது என் கணிப்பு. மற்ற இலக்கிய வகைகளில் இந்தக் கொடுக்கல் வாங்கல் மறைவாக நடக்கும். இங்கே அது பட்டப்பகலில் நடக்கிறது. விண்கலம், காலயந்திரம், எந்திர மனிதன், வேற்றுக்கிரகப் படையெடுப்பு, மந்திர வாள் ஆகிய எல்லாம் பொதுச் சொத்தாகிவிட்டவை. முதலில் கொண்டுவந்தவரிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. வாசகர் முந்தைய நூல்களைப் படித்துவிட்டுத்தான் வருகிறார் என்ற நம்பிக்கையில், சதுரங்கத்தில் காய் நகர்த்துவதுபோலவே அடுத்த நூல் எழுதப்படுகிறது.

இந்த வகையின் தொடக்கம் எது என்ற பழைய வழக்கில் நான் நுழையப்போவதில்லை. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழி எழுத்தாளர் லூசியன் தம் நாயகர்களை நிலவுக்கு அனுப்பியிருக்கிறார். கெப்ளர் எழுதிய நிலவுப் பயணக் கதை, அவர் இறந்த பின் 1634-இல் அச்சானது. இருந்தாலும் 1818-இல் பெயர் போடாமல் 500 பிரதிகள் அச்சிடப்பட்ட 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலிலிருந்து தொடங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. 1815 ஏப்ரலில் தம்போரா எரிமலை வெடித்து வானை மறைத்ததால் 1816-இல் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு அஞ்சி வீட்டுக்குள் அடைபட்டிருந்த நண்பர்கள் பேய்க்கதைப் போட்டி வைத்துக்கொண்டார்கள். அதில் பிறந்தது இந்தக் கதை. இந்தப் பின்னணி பலருக்கும் தெரியும். கவனிக்க வேண்டியது வேறொன்று. நாவலை எழுதிய மேரி ஷெல்லியின் நாயகன் விக்டர், சிறுவயதில் அக்ரிப்பா, பாராசெல்சஸ் போன்ற பழைய ரசவாதிகளின் நூல்களில் மூழ்கியவன். இங்கோல்ஷ்டாட் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு அவற்றைக் கைவிட்டு வேதியியல் கற்கிறான். சாத்தானோடு ஒப்பந்தம் போடும் பழைய ஃபௌஸ்ட் கதையில் ஒப்பந்தம் இருந்த இடத்தில் ஆய்வுக்கூடம் வந்து உட்கார்ந்துகொண்டது. மாற்றியது அந்த ஓர் இடம்தான்; அதன் பிறகு குற்றத்துக்குப் பொறுப்பேற்கச் சாத்தான் இல்லை, மனிதன் மட்டுமே மிஞ்சுகிறான். இதில் சுவையான ஒரு செய்தி: மின்னல் வெட்ட, கருவிகள் பொறி பறக்க, விக்டர் படைத்த உருவம் எழுந்து நிற்கும் காட்சி நாவலில் கிடையாது. உயிரின் பொறி என்று ஒரு சொல் வருவதோடு சரி, செய்முறையைச் சொல்ல விக்டர் மறுத்துவிடுகிறான். நாம் கண்முன் காணும் ஆய்வுக்கூடம் 1931-இல் வந்த திரைப்படம் நமக்குக் கொடுத்தது.

ஜூல் வெர்னுக்கும் எச். ஜி. வெல்ஸுக்கும் இடையிலான வேறுபாடு இதே கோணத்தில் விளங்கும். 1865-இல் வெர்ன் நிலவுக்கு ஆள் அனுப்பியபோது, ஃபுளோரிடாவில் 900 அடி நீளப் பீரங்கியை நிலத்தில் புதைத்து, வெடிமருந்தின் எடை, தப்பிச் செல்லும் வேகம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1901-இல் வெல்ஸ், ஈர்ப்பை மறைக்கும் ஒரு பொருளைக் கற்பனையாக உருவாக்கி, அதைப் பூசிய கலத்தில் தம் ஆட்களை ஏற்றிவிட்டார். நான் இயற்பியலைப் பயன்படுத்துகிறேன், அவர் புனைந்துகொள்கிறார், அந்தப் பொருள் எங்கே என்று காட்டட்டும் என்ற வகையில் வெர்ன் எரிச்சலோடு பேட்டி கொடுத்தார். பொறியியல் என்று பார்த்தால் வெர்ன் பக்கம் நியாயம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் அந்தப் பீரங்கியில் போனால் பயணிகள் கிளம்பிய கணத்திலேயே கூழாகியிருப்பார்கள். வெல்ஸுக்கோ கலம் ஒரு சாக்கு. போய்ச் சேர்ந்த இடத்திலுள்ள எறும்புச் சமூகத்தைக் காட்டி நம் சமூகத்தைக் கேள்வி கேட்பதே நோக்கம். பின்னால் வந்தவர்கள் அதிகம் கடன்பட்டது வெல்ஸிடம்தான்.

வெல்ஸே கடன் வாங்கியவர்தான். 1871-இல் ஜெர்மானியப் படை இங்கிலாந்துக்குள் புகுந்து வெற்றி கொள்வதாகக் கற்பனை செய்த 'தி பேட்டில் ஆஃப் டோர்கிங்' என்ற கதை பத்திரிகையில் வந்து பரபரப்பை ஏற்படுத்தியது. அதற்குப் பிறகு படையெடுப்புக் கதைகள் சரஞ்சரமாக வரத் தொடங்கின. பெரும்பாலானவை சொன்ன செய்தி ஒன்றே: இராணுவத்துக்கு இன்னும் செலவு செய்யுங்கள். 1897-இல் தொடராக வந்த 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' கதையை வெல்ஸ் எழுதியபோது, அந்த வார்ப்பை அப்படியே வைத்துக்கொண்டார்; போர் நடக்கும் சர்ரே மாவட்டத்தைக்கூட மாற்றவில்லை. தாம் குடியிருந்த வோக்கிங் நகரைச் சைக்கிளில் சுற்றி வந்து, எந்தத் தெருவை எரிக்கலாம் என்று இடம் பார்த்தார். படையெடுத்து வந்தவர்கள் செவ்வாய்வாசிகள் என்பது மட்டுமே மாற்றம் என்று முதலில் தோன்றும். முதல் அத்தியாயத்திலேயே வெல்ஸ் உண்மையான திருத்தத்தைச் செய்துவிடுகிறார்: ஐரோப்பியக் குடியேறிகள் ஐம்பது ஆண்டுகளுக்குள் டாஸ்மேனிய மக்களை அழித்ததை நினைவூட்டி, செவ்வாய்வாசிகள் அதே மனநிலையில் போரிட்டால் முறையிட நமக்கு என்ன தகுதி என்று கேட்கிறார். டாஸ்மேனியப் பழங்குடியினர் அடியோடு மறைந்துவிட்டதாக அன்று ஐரோப்பாவில் நம்பப்பட்டது. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள். கேள்வியின் கூர்மையை அது குறைக்கவில்லை. படையெடுப்புக் கதையில் தன் நாட்டுக்காக நடுங்க வந்த வாசகன், தன் நாடு பிறருக்கு என்ன செய்தது என்பதைப் பார்க்க வைக்கப்படுகிறான். கதையின் முடிவும் வெல்ஸ் படித்த வகுப்பறையிலிருந்து வந்தது. 1884-இல் தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்ற மாணவர், செவ்வாய்வாசிகளைப் பீரங்கியால் கொல்லவில்லை, பாக்டீரியாவால் கொன்றார்.

இந்தத் திருத்தம் எவ்வளவு எளிதில் அழிந்துபோகும் என்பதற்கும் உடனே ஒரு சான்று கிடைத்தது. 1898-இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் காரெட் செர்விஸ் எழுதிய தொடரில், தாமஸ் எடிசன் விண்கலங்களையும் கொல்லும் கதிர்களையும் கண்டுபிடித்து, செவ்வாய்க்கே போய்ப் பழிதீர்த்துவிட்டு வருகிறார். வெல்ஸ் பிடுங்கிப் போட்ட ஆணியைச் செர்விஸ் பழைய இடத்திலேயே அடித்துவிட்டார். கடன் வாங்கியவர் எல்லோரும் சிந்தித்துத்தான் வாங்குகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

வெல்ஸிடமிருந்து கிளைத்த இன்னொரு சங்கிலி இதைவிட நீளமானது. எவ்கேனி ஸாம்யாட்டின் கப்பல் பொறியாளர். முதல் உலகப்போர்க் காலத்தில் ரஷ்யாவுக்காகக் கட்டப்பட்ட பனியுடைக்கும் கப்பல்களை மேற்பார்வையிட இங்கிலாந்தின் நியூகாசிலில் தங்கியிருந்தார். நாடு திரும்பிய பிறகு வெல்ஸின் ரஷ்யப் பதிப்புகளைத் தொகுத்து, அவரைப் பற்றி நீண்ட கட்டுரையும் எழுதினார். 1920-21-இல் அவர் எழுதிய 'நாங்கள்' நாவலில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான்; வீடுகள் கண்ணாடியால் ஆனவை; எழுவதும் உண்பதும் உறங்குவதும் ஒரே கால அட்டவணைப்படி ஒரே நொடியில் நடக்கின்றன. தொழிற்சாலை வேலையை நொடிக்கணக்கில் அளந்த ஃபிரெடெரிக் டெய்லர் அந்த அரசின் முனிவர். அறிவியல் முறையில் அமைத்த உலக அரசு மனிதனுக்கு விடிவு என்று வெல்ஸ் கண்ட கனவை, ஸாம்யாட்டின் அதே கட்டுமானப் பொருள்களைக் கொண்டே சிறையாகக் கட்டிக் காட்டினார். நாவல் 1924-இல் ஆங்கில மொழிபெயர்ப்பாகத்தான் முதலில் நூல் வடிவம் கண்டது. சோவியத் நாட்டில் அச்சேற 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆல்டஸ் ஹக்ஸ்லியும் வெல்ஸின் ஒரு லட்சிய உலக நாவலைக் கேலி செய்யத் தொடங்கித்தான் 1932-இல் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவலில் வந்து நின்றார். அவர் வெல்ஸின் ஆசிரியரான அந்த ஹக்ஸ்லியின் பேரன் என்பது வரலாறு செய்த குறும்பு. ஜார்ஜ் ஆர்வெல் 'நாங்கள்' நாவலைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் படித்து 1946 ஜனவரியில் மதிப்புரை எழுதினார்; ஆல்டஸ் ஹக்ஸ்லியின் நாவல் ஓரளவு இதிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்று அதில் சந்தேகம் தெரிவித்தார்; ஹக்ஸ்லி மறுத்தார். மூன்றாண்டுகள் கழித்து ஆர்வெலின் '1984' வெளிவந்தபோது அதே சந்தேகம் அவர்மீதே திரும்பியது. காதலால் சற்று விழித்துக்கொள்ளும் ஒருவன், ஒரு கலகக்காரப் பெண், எங்கும் நிறைந்த தலைமை, இறுதியில் உடைக்கப்பட்ட நாயகன் அரசை நேசிப்பது என்று எலும்புக்கூடு ஒன்றேதான். சதைதான் வேறு. ஸாம்யாட்டினின் நகரம் பளபளக்கும் கண்ணாடி. ஆர்வெலின் லண்டன் வேகவைத்த முட்டைக்கோஸ் நாற்றம் வீசும் மாடிப்படி, மழுங்கிய சவர பிளேடு, வேலை செய்யாத மின்தூக்கி. முன்னதில் அரசு கணிதத்தின் துல்லியத்தால் ஆள்கிறது. பின்னதில் நேற்றைய செய்தித்தாளைத் திருத்தியும் அகராதியிலிருந்து சொற்களை நீக்கியும் ஆள்கிறது. போர்க்கால லண்டனின் பற்றாக்குறையையும், ஒலிபரப்பு நிறுவனத்தில் பிரசாரப் பணி செய்த அனுபவத்தையும் கொண்டு ஆர்வெல் திருத்திய அந்த இடமே அந்த நாவலை அவருடையதாக்கியது. திருட்டா தாக்கமா என்ற விவாதம் இந்த இடத்தில் அலுப்பூட்டுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவருக்கு அது தேவைப்படாது.

இத்தனை நேரம் பேசியவர்கள் எல்லோரும் தங்களைப் பொதுவான இலக்கியவாதிகளாகவே கருதியவர்கள். 1926 ஏப்ரலில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் நியூயார்க்கில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழை 25 சென்ட் விலையில் தொடங்கியபோது நிலைமை மாறியது. தொடக்க இதழ்களை அவர் எட்கர் ஆலன் போ, வெர்ன், வெல்ஸ் ஆகியோரின் பழைய கதைகளைக் கொண்டு நிரப்பினார். அதனால் ஒரு மூதாதையர் வரிசை தானாகவே நிறுவப்பட்டது. வாசகர் கடிதங்களை முழு முகவரியோடு அச்சிட்டதால் வாசகர்கள் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கினார்கள். அவர்களிலிருந்தே அடுத்த தலைமுறை எழுத்தாளர்கள் வந்தார்கள்.

அந்தத் தலைமுறையைச் செதுக்கியவர், 1937-இன் இறுதியில் 'அஸ்டவுண்டிங்' இதழுக்கு ஆசிரியரான ஜான் கேம்ப்பெல். 1941 ஆகஸ்டில் அவரைப் பார்க்கச் சுரங்க ரயிலில் போய்க்கொண்டிருந்த 21 வயது ஐசக் அசிமோவ், கதைக்கு ஒரு யோசனை தேடி, ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிய கிப்பனின் பெருநூலை நினைத்தார். பேரரசு விண்மீன் மண்டலம் முழுவதும் பரவியதாக ஆனது. கிப்பனிடம் இல்லாத ஒன்றை அசிமோவ் சேர்த்தார்: வீழ்ச்சியை முன்கூட்டியே கணக்கிடும் ஓர் அறிவியல். வரலாறு எழுதுபவன் பின்னால் திரும்பிப் பார்த்துச் சொல்வதை, அசிமோவின் கணிதவியலாளர் முன்னால் பார்த்துச் சொல்கிறார். 1942 மே இதழில் தொடங்கிய இந்த 'ஃபவுண்டேஷன்' வரிசை சிறுகதைகளாகவும் குறுநாவல்களாகவும் வந்து, பிறகுதான் நூல்களாகக் கட்டப்பட்டது. சொல்லுக்கு ஒரு சென்ட் அளவில் கூலி தந்த இதழ்கள் அந்த வடிவத்தை நிர்ணயித்தன. ஒவ்வொரு கதையும் ஒரு சிக்கலை வைத்து அவிழ்த்துவிட்டுப் போவது அதனால்தான்.

ரோபோக்கள் மனிதருக்குத் தீங்கு செய்யாதபடி அசிமோவின் கதைகளில் வரும், அதே 1942-இல் முழு வடிவில் அச்சான மூன்று விதிகளும் ஒரு பதில்தான். 'ரோபோ' என்ற சொல் 1920-இல் கரெல் சாபெக் எழுதிய செக் நாடகத்தில் பிறந்தது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து அதை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெஃப். அந்த நாடகத்து ரோபோக்கள் உலோகத்தால் ஆனவை அல்ல, செயற்கைச் சதையால் ஆனவை. கடைசியில் மனித குலத்தை அழித்துவிடுகின்றன. படைத்தவனைப் படைப்பு கொல்லும் இந்தக் கதையையே எல்லோரும் திரும்பத் திரும்ப எழுதுவதைக் கண்டு சலித்த அசிமோவ், அந்த அச்சத்துக்கு ஃபிராங்கன்ஸ்டைனின் பெயரையே சூட்டினார். கத்திக்குப் பிடி போடுவதைப்போல எந்திரத்துக்குள்ளேயே காப்பு வைப்பார்கள் அல்லவா என்பது அவர் வாதம். விதிகளை வகுத்தவர் கேம்ப்பெல் என்று அசிமோவும், அவை அசிமோவின் கதைகளிலேயே இருந்தன, நான் எடுத்துச் சொன்னேன், அவ்வளவுதான் என்று கேம்ப்பெலும் பெருமையை மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டார்கள்.

கேம்ப்பெலின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. சாமுவேல் டெலானியின் 'நோவா' நாவலைத் தொடராக வெளியிட மறுத்தபோது, கருப்பின நாயகனைத் தம் வாசகர்கள் ஏற்க மாட்டார்கள் என்பதை அவர் காரணமாகச் சொன்னதாக டெலானி எழுதியிருக்கிறார். ஒரு வகை இலக்கியத்தின் கதவு ஒரே மனிதரின் மேசையாக இருந்தால், எதிர்காலத்தில் யார் வாழலாம் என்பதையும் அந்த மேசையே முடிவு செய்யும்.

அறிவியலுக்கே இந்தக் கதைகள் கொடுத்தது என்ன என்பதைப் பற்றி மிகையாகப் பேசுவது எளிது. ஆர்தர் கிளார்க் செயற்கைக்கோள் தொலைத்தொடர்பைக் கதையில் முன்னறிவித்தார் என்கிறார்கள். 1945-இல் அவர் அதை எழுதியது ஒரு தொழில்நுட்ப இதழில், கட்டுரையாக. உறுதியான சான்றுகள் சிலவே, ஆனால் அவை கனமானவை. 1926-இல் திரவ எரிபொருள் ராக்கெட்டை முதன்முதலில் செலுத்திய ராபர்ட் காடர்ட், பதினாறு வயதில் படித்த செவ்வாய்ப் படையெடுப்புக் கதையே தம்மைத் தூண்டியது என்று 1932-இல் வெல்ஸுக்கே கடிதம் எழுதினார். அதே ஆண்டு பெர்லினில் இயற்பியலாளர் லியோ சிலார்டு, 'அணுகுண்டு' என்ற சொல்லையே முதலில் கொண்டுவந்த வெல்ஸின் 1914 நாவலைப் படித்தார். அடுத்த ஆண்டு லண்டன் தெருவைக் கடக்கும்போது அணுகுண்டுக்கு அடிப்படையான நியூட்ரான் சங்கிலித் தொடர்வினை அவர் மனதில் பொறிதட்டியது. வினையின் இயற்பியலை நாவல் அவருக்குக் கற்றுத்தரவில்லை; அதன் விளைவு என்னவாகும் என்பதைக் காட்டிவிட்டிருந்தது. அந்த யோசனைக்கான காப்புரிமையைப் பிரிட்டிஷ் கடற்படையிடம் ஒப்படைத்து இரகசியமாக வைத்ததற்கு வெல்ஸைப் படித்திருந்ததே காரணம் என்று சிலார்டு சொல்லியிருக்கிறார். விண்மீனைச் சுற்றிக் கூடு கட்டி அதன் ஆற்றல் முழுவதையும் அறுவடை செய்யும் யோசனையை 1960-இல் முன்வைத்த ஃபிரீமன் டைசனும், அது ஓலாஃப் ஸ்டேபிள்டனின் 1937 நாவலிலிருந்து கிடைத்தது என்று ஒளிக்காமல் சொன்னவர்.

பாலைவனக் கிரகம் ஒன்றில் நடக்கும், ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டூன்' நாவலுக்கான விதை ஒரு செய்திக் கட்டுரை முயற்சி. 1957-இல் ஓரிகன் மாநிலக் கடற்கரையில், நகரும் மணல்மேடுகளைப் புல் நட்டுத் தடுத்துக்கொண்டிருந்த அரசுத் திட்டத்தைப் பார்க்கப் போனார். கட்டுரை அச்சாகவில்லை, மணல் மட்டும் மனதில் தங்கிவிட்டது. பாலைவன மக்களின் போருக்கு அரபு உலகமே மூலம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான். ரஷ்யப் பேரரசை எதிர்த்துக் காகசஸ் மலைமக்கள் நடத்திய போரைப் பற்றி லெஸ்லி பிளான்ச் 1960-இல் ஒரு வரலாற்று நூல் எழுதியிருந்தார். குத்துவாளின் பெயர், இரத்தப் பழியின் பெயர், 'சகோப்சா' என்ற மறைமொழியின் பெயர் எல்லாம் அதிலிருந்து 'டூன்' நாவலுக்கு வந்தன. பளபளப்பு நகரத்திலிருந்து வரும், ஞானம் மலையிலிருந்து வரும் என்ற பொருளில் ஒரு பழமொழி பிளான்ச்சின் நூலில் உண்டு. ஹெர்பர்ட்டிடம் அது ஞானம் பாலைவனத்திலிருந்து வரும் என்று ஆகியிருக்கிறது. மாறியது ஒரே சொல். மலையை மணலாக்கினால் ஒரு வரலாறு எப்படி ஒரு கிரகமாகிறது என்பதை அந்த ஒரு வரியிலேயே பார்த்துவிடலாம்.

இருபதுக்கு மேற்பட்ட பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய அந்த நாவலை, கார் பழுதுபார்ப்புக் கையேடுகளுக்குப் பெயர்பெற்ற ஒரு நிறுவனம் 1965-இல் வெளியிட்டது. அதை 'ஃபவுண்டேஷன்' வரிசைக்கு எழுதிய மறுப்பாக வாசிப்பவர்களோடு நானும் உடன்படுகிறேன். வரலாற்றைக் கணக்கிட்டு வழிநடத்தும் ஒரு சிறு குழு அசிமோவிடம் மீட்பர்கள். ஹெர்பர்ட்டிடம் அவர்களுடைய திட்டமே கைமீறி ஒரு புனிதப் போராக வெடிக்கிறது. தொடர்ச்சியில் நாயகன் தோற்பதைக் கண்ட கேம்ப்பெல் அதை வெளியிட மறுத்துவிட்டார். எந்தக் காயை எங்கே நகர்த்தியிருக்கிறார்கள் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. இதேபோல, ராபர்ட் ஹைன்லைனின் 1959 போர்நாவலையும், வியட்நாமில் காயம்பட்டுத் திரும்பிய ஜோ ஹால்ட்மன் 1974-இல் தந்த போர்நாவலையும் இன்று யாரும் தனித்தனியாகப் படிப்பதில்லை. கவச உடை அணிந்த விண்வெளிக் காலாட்படை இரண்டிலும் உண்டு. ஒளியின் வேகத்தை நெருங்கிப் பயணிப்பதால் சில மாதப் போருக்குப் பின் வீடு திரும்புகிறவனுக்கு அங்கே பல பத்தாண்டுகள் கடந்திருப்பதை ஹால்ட்மன் சேர்த்தார். வியட்நாமிலிருந்து திரும்பிய வீரனுக்குச் சொந்த நாடு அந்நியமானதைச் சொல்ல ஐன்ஸ்டீன் உதவிக்கு வந்தார்.

மிகுபுனைவின் பக்கம் திரும்பினால், அங்கே தாக்கத்தின் வரிசையையே அச்சுத் தொழில் குழப்பிவிட்டிருக்கிறது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையை டோல்கீன் எழுதியது ஒரே நாவலாகத்தான். போருக்குப் பிந்தைய காகித விலையால் பதிப்பாளர் அதை 1954-55-இல் மூன்று தொகுதிகளாக வெட்டினார். அதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள், மிகுபுனைவு என்றாலே மூன்று தொகுதி என்று எடுத்துக்கொண்டார்கள். காகிதப் பற்றாக்குறை ஓர் இலக்கண விதியானது இப்படித்தான். 1965-இல் அமெரிக்கப் பதிப்பாளர் ஒருவர் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு சந்து கண்டுபிடித்து 75 சென்ட் மலிவுப் பதிப்பை டோல்கீனின் அனுமதியின்றி வெளியிட, எழுந்த சச்சரவே நூலுக்கு விளம்பரமாகி, கல்லூரி மாணவர் கைகளில் அது பரவியது. அந்தச் சந்தையை நிரப்ப 1969 முதல் லின் கார்ட்டர் ஒரு வரிசையைத் தொகுத்து, வில்லியம் மாரிஸ், டன்சேனி பிரபு போன்ற பழையவர்களை மறுபதிப்புச் செய்தார். 1896-இல் வந்த மாரிஸின் நாவலை 1970-இல் முதன்முதலாகக் கண்ட இளம் வாசகருக்கு, அது டோல்கீனைப் பார்த்து எழுதியதுபோலவே இருந்திருக்கும். உண்மையில் கொடுத்தவர் மாரிஸ். இறந்த போர்வீரர்களின் முகங்கள் நீருக்கடியில் ஒளிரும் சதுப்பு நிலக் காட்சி, 1916-இல் சோம் போர்க்களத்துக்குப் பின் கண்ட வடக்கு பிரான்சுக்குக் கொஞ்சம் கடன்பட்டது, மாரிஸின் நாவல்களுக்கு அதைவிட அதிகம் கடன்பட்டது என்று டோல்கீனே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். போரில் நேராகப் பார்த்ததைச் சொல்லவும் படித்த நூலின் கண் தேவைப்பட்டிருக்கிறது.

டோல்கீனைத் திருத்தியவர்களில் எனக்கு முதன்மையானவர் உர்சுலா லெ குவின். பதின்ம வயதினருக்கு ஒரு நூல் எழுதித் தரும்படி பதிப்பாளர் கேட்டபோது, மந்திரவாதிகள் எப்போதும் வெண்தாடிக் கிழவர்களாகவே இருக்கிறார்களே, தாடி முளைக்கும் முன் என்னவாக இருந்தார்கள், எங்கே கற்றார்கள் என்று யோசித்தார். 1968-இல் வந்த 'எர்த்சீ' நாவலில் மந்திரப் பள்ளி அப்படித்தான் தோன்றியது. மானுடவியலாளரின் மகளான அவர், கதையில் பெரும்பாலோரின் தோலைப் பழுப்பாகவோ கருப்பாகவோ வைத்தார். அழிக்க வேண்டிய பேரரக்கனை வெளியே வைக்காமல் நாயகனின் சொந்த நிழலாக்கினார். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன் மைக்கேல் மூர்காக் செய்ததும் இதே வகை வேலை. தசை முறுக்கிய வாள்வீரன் கோனனுக்குப் பதிலாக, மூலிகையும் உயிர்குடிக்கும் வாளும் இல்லாமல் நிற்கவே முடியாத நோயாளிப் பேரரசனை நாயகனாக்கினார்.

இந்தக் கடன்கள் எல்லாம் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் ஒரு விளையாட்டு. மேசையைச் சுற்றி அமர்ந்து கதைப் பாத்திரங்களாக ஆடும், 1974-இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', தான் எங்கிருந்தெல்லாம் எடுத்தது என்பதை 1979-இல் வந்த கையேட்டின் ஒரு பின்னிணைப்பில் ஆசிரியர் பெயர்களோடு பட்டியல் போட்டது. அவர்களில் ஒருவர் ஜாக் வான்ஸ். அவருடைய 1950-ஆம் ஆண்டு நூலில் மாசிரியன் என்ற மந்திரவாதி, கடும் பயிற்சிக்குப் பிறகும் வலிமையான மந்திரங்களில் நான்கையோ எளியவற்றில் ஆறையோதான் ஒரு நேரத்தில் மனதில் ஏற்றிக்கொள்ள முடியும். சொன்ன மந்திரம் மறந்துபோகும், திரும்பப் படிக்க வேண்டும். வான்ஸுக்கு அது உலகம் முதுமையடைந்து கலைகள் தேய்ந்துபோனதன் அடையாளம். விளையாட்டை அமைத்தவர்களுக்கோ, மந்திரவாதி எல்லோரையும் ஒரேயடியாக வென்றுவிடாமல் தடுக்கும் கணக்கு. அதிலிருந்து கணினி விளையாட்டுகளுக்குப் போன பிறகு, வான்ஸின் பெயரையே கேள்விப்படாத லட்சக்கணக்கானவர்கள் அவருடைய விதிப்படி மந்திரங்களை எண்ணிச் செலவழித்திருக்கிறார்கள்.

டோல்கீனிடமிருந்து எடுத்தது அவ்வளவு சுமுகமாக முடியவில்லை. விளையாட்டின் முதல் பதிப்பில், டோல்கீனின் கதைகளில் வரும் குட்டையான மக்களைக் குறிக்கும் 'ஹாபிட்' என்ற சொல்லே இருந்தது. உரிமை வைத்திருந்த நிறுவனம் ஆட்சேபித்ததால், சில ஆண்டுகளில் அதை நீக்கிவிட்டு 'ஹாஃப்லிங்' என்று போட்டார்கள். அந்த மாற்றுச் சொல்லும் டோல்கீனின் நாவலில் ஹாபிட்களைக் குறிக்க வருவதுதான். ஆனால் அதை யாரும் தடுக்கவில்லை. அரைப்பருவச் சிறுவனைக் குறிக்க ஸ்காட்லாந்து மக்கள் அவருக்கு வெகுகாலம் முன்பிருந்தே அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.